வலிப்பு நின்றது, வாட்டம் நிற்கவில்லை

கூலியைப் பற்றியும் காணியைப் பற்றியும் ஒழுகும் லயத்துக் கூரைகளைப் பற்றியும் வாரந்தோறும் எழுதிவரும் நாம், இம்முறை ஒரு நோயைப் பற்றி எழுதப் புகுகின்றோம். நோயைப் பற்றி எழுத வைத்தியர்கள் இருக்கின்றனரே, வழக்கறிஞருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் அதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வேலை இருக்கின்றது. ஒரு தொழிலாளி பிரட்டுக் களத்தில் வலிப்பு வந்து வீழ்கின்றான். மறு வாரம் அவன் பெயர் செக்ரோலில் இல்லை. மறு மாதம் அவன் தங்கைக்குப் பேசிய சம்பந்தம் நின்று போகின்றது. மறு ஆண்டு அவன் எவரோடும் பேசுவதில்லை. வீழ்ந்தவனுக்கு மருந்து கொடுப்பது வைத்தியரின் கடமை. ஏனைய மூன்றும் யாருடைய கடமை?

காக்காய் வலிப்பு என்று நம் மக்களும், அபஸ்மாரய என்று சிங்கள அயலவரும் சொல்லும் இந்நோய் பேயினால் வருவதுமன்று, பிறரைத் தீண்டித் தொற்றுவதுமன்று. மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் ஒரு கணம் ஒழுங்கு தவறிப் பொங்குவதே வலிப்பு. பிறப்பின்போது ஏற்பட்ட காயம், தலையில் விழுந்த அடி, மூளைக் காய்ச்சல், மூளைக் கட்டி, பரம்பரை எனக் காரணங்கள் பல. காரணம் புலப்படாமலே வருவதும் உண்டு. உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், அவர்களுள் 80 வீதத்தினர் வறிய, நடுத்தர வருமான நாடுகளிலேயே உள்ளனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. முறையாக நோயறிந்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரையில் வலிப்பின்றி வாழ முடியும் என்பதும் அந்நிறுவனத்தின் கூற்றே.

இவையெல்லாம் பலரும் அறிந்தவை. பலரும் அறியாத ஒன்று உண்டு. அதே நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, வலிப்பு நோயாளருள் 23 வீதத்தினர் மனச்சோர்வு நோயாலும் வருந்துகின்றனர் என்று சொல்லுகின்றது. நால்வருக்கு ஒருவர் என்றே கொள்ளலாம். மனச்சோர்வு என்று நாம் சொல்வது, கூலி போதாத மாலையில் எவர்க்கும் வரும் சலிப்பை அன்று. வாரக்கணக்கில் நீங்காத துயரம், உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் பற்றின்மை, தான் பிறர்க்குப் பாரம் என்ற எண்ணம், இவையெல்லாம் சேர்ந்து ஒருவனைப் படுக்கையோடு கட்டிப்போடும் நோய் அது. வலிப்பு ஒரு சில நிமிடத்தில் அடங்கிவிடும். இதுவோ நாள் முழுதும் உடனிருக்கும்.

“வலிப்புக்காரன் கவலைப்படாமல் என்ன செய்வான்? அது இயற்கைதானே” என்று தலையாட்டிவிட்டுப் போகின்றவர்களே நம்மிடையே மிகுதி. இரக்கம் போலத் தோன்றும் இப்பேச்சைப்போல் தீங்கு செய்வது வேறில்லை. இயற்கை என்று சொல்லிவிட்டால் வைத்தியம் தேட வேண்டியதில்லை அல்லவா? வலிப்புக்கும் மனச்சோர்விற்கும் மூளையிலேயே உறவு உண்டு என்பதை இன்றைய வைத்திய நூலார் நன்கு கண்டுள்ளனர். வலிப்பு வந்தவர்க்குச் சோர்வு வருவது போன்றே, சோர்வுற்றவர்க்குப் பின்னர் வலிப்பு வரும் வாய்ப்பும் ஏனையோரிலும் மிகுதி. ஆகவே வெளித்துன்பம் ஒன்றுமே இல்லாத செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் இச்சோர்வு வரலாம். கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீசு காலத்திலேயே இவ்வுறவு கவனிக்கப்பட்டிருந்தது என்பர்.

மருந்தினாலும் சோர்வு வருவதுண்டு. இதை நாம் சற்று விரித்துச் சொல்லல் வேண்டும், ஏனெனில் இங்கே ஏழை என்றும் பணக்காரன் என்றும் வேறுபாடு புகுகின்றது. ஃபினோபாபிட்டோன் என்னும் மாத்திரை 1912ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹவுப்ட்மன் என்பவரால் வலிப்புக்கு உரியதெனக் கண்டறியப்பட்டது. அதே 1912இல்தான் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்திற்கென அரசு ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. சட்டம் கிழடுதட்டிப் போயிற்று. மாத்திரையோ இன்றும் வறியோரின் மருந்தாக உலகெங்கும் நிலைத்திருக்கின்றது. விலை மிகக் குறைவு, வலிப்பை அடக்கும் வலிமை மிகுதி. அதன் பயனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. கர்நாடகத்தின் எளந்தூர்க் கிராமப்புறத்தில் வைத்தியர் கே. எஸ். மணி குழுவினர் இம்மாத்திரையையும் ஃபெனிட்டோயினையும் கொண்டே ஏழை மக்களின் வலிப்பைக் கட்டுப்படுத்திக் காட்டினர். அவ்வாய்வு 2001இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஆயினும் அம்மாத்திரை சிலருக்கு மந்தத்தையும் சோர்வையும் தரும் என்பதும் உண்மையே. புதிய மருந்துகளுள்ளும் லெவெட்டிரசிட்டம் போன்றவை சிலர்க்குச் சினத்தையும் துயரையும் கிளப்புகின்றன. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் வலிப்பு மருந்துகள் பலவற்றிற்கும் பொதுவாக இவ்வகை எச்சரிக்கை விடுத்தது.

இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காய் வந்து உயிருக்கே உலை வைக்கும். செய்ய வேண்டியது வைத்தியரிடம் சொல்லுவது. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், மனச்சோர்விற்குத் தனி மருந்து சேர்க்கலாம். ஃபுளுவொக்செற்றின், சேர்ட்ரலீன் போன்ற மருந்துகளை வலிப்புள்ளவர்களும் வைத்தியர் கண்காணிப்பில் உட்கொள்ளலாம் என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் சொல்லுவதற்கு ஒருவர் கேட்க வேண்டுமே! அங்குதான் எமது வழக்கு தொடங்குகின்றது.

மொனராகலை என்றால் தலைநகரிலுள்ளோர்க்குக் கதிர்காமமும் கரும்புத் தோட்டமும்தான் நினைவுக்கு வரும். அம்மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் இறப்பர் மரங்களுக்கிடையே தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர் என்பதை நம் தலைவர்களே பல வேளை மறந்து போகின்றனர். பதுளை மாவட்டத்தில் பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை என எங்கு நோக்கினும் தமிழர் திரளாக உள்ளனர். ஆதலின் தேர்தல் வந்தால் தலைவர்களும் வருகின்றனர். மொனராகலையில் நம் மக்கள் மிகச் சிறு தொகையினர். வாக்குக் கணக்கில் எடைக்கு வராதவர்கள் வைத்தியக் கணக்கிலும் எடைக்கு வராமற் போவதில் வியப்பில்லை.

இறப்பர்த் தோட்டத்து வேலை முறையே வலிப்பு நோயாளிக்குப் பகையானது. பால் நன்கு வடிய வேண்டுமாயின் விடியலிலேயே மரம் வெட்ட வேண்டும். அதற்கு இருள் நீங்குமுன் எழ வேண்டும். உறக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் காரணங்களுள் முதன்மையானது. ஒற்றைக் காம்பராவில் மூன்று தலைமுறை உறங்கும் லயத்தில் நல்லுறக்கம் ஏது? கசிப்புக் குடித்து நிறுத்தும்போது வரும் வலிப்பு வேறு. கையில் கூரிய வெட்டுக் கத்தி, காலடியில் வழுக்கும் சரிவு, கீழே கான். பிறகு மாதாந்தக் கிளினிக். அந்நாள் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் பேர் இல்லை. பேரா மருந்தா என்று தெரிவு செய்யும் நிலையில் மாதத்திற்கு ஒரு முறை ஒரு மனிதனை நிறுத்தி வைத்துவிட்டு, அவன் ஏன் கிளினிக்கை விட்டான் என்று கோபிக்கின்றோம்.

எம்மிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்லுவோம். பெயரும் தோட்டமும் வேண்டா. முப்பது வயது கடந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. சிறுவனாயிருக்கையில் மூளைக் காய்ச்சல் கண்டு, பின்னர் வலிப்பு வரத் தொடங்கியவர். மாத்திரையால் ஆண்டுக்கணக்கில் வலிப்பில்லாமல் இருந்தார். 2022இல் நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்து மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அவர் மாத்திரையும் தடைப்பட்டது. மலையிலேயே வலிப்பு வந்தது. தோட்ட நிருவாகம் அவரை அழைத்து, அவர் வாசிக்க முடியாத மொழியில் ஒரு கடிதத்தில் ஒப்பம் வாங்கிக்கொண்டு பெயரை நீக்கியது. சங்கம் தலையிட்டது; தொழில் திணைக்களத்தில் வாதாடினோம்; அவர் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டார். மருந்தும் கிடைத்தது, வலிப்பும் நின்றது. எல்லாம் சரியாயிற்று என்று ஊரார் கருதியிருந்த வேளையில் அவர் மனைவி எமது காரியாலயத்திற்கு வந்தார்.

“ஐயா, வேலைக்குப் போறாரு, வர்றாரு. சோறு எறங்க மாட்டேங்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு இஸ்தோப்புல குந்திக்கிட்டு இருக்காரு. புள்ளையக்கூடத் தூக்குறதில்லீங்க. கேட்டா, நான் இருந்து என்ன ஆகப்போகுதுங்கிறாரு.”

அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். மாதத்திற்கு ஒரு வரியாகப் பதினொரு வரிகள். வலிப்பு இல்லை, அதே மருந்து. வலிப்பு இல்லை, அதே மருந்து. பதினொரு முறை அம்மனிதர் வைத்தியர் முன் அமர்ந்திருக்கின்றார். பதினொரு முறையும் வலிப்பைக் கேட்டிருக்கின்றார்கள். மனிதரைக் கேட்டதற்குக் கொப்பியில் சாட்சியம் இல்லை.

அந்த வைத்தியரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. ஒரு காலைப்பொழுதில் நீண்ட வரிசையைப் பார்த்து முடிக்க வேண்டியவர் அவர். அன்றியும், அவருக்குத் தமிழ் தெரியாது. நோயாளிக்குச் சிங்களம் சந்தைக்கு வேண்டிய அளவே தெரியும். வலிப்பு வந்ததா என்பதைக் கையைக் காலை உதறிக் காட்டிக் கேட்டுவிடலாம். எத்தனை முறை என்பதை விரலால் சொல்லிவிடலாம். “வாழ்வதில் விருப்பம் குன்றியதுண்டா?” என்பதை எந்தச் சைகையாற் கேட்பது? “நெஞ்சு அடைக்குது, மனசு விட்டுப்போச்சு” என்று லயத்துப் பெண் சொல்லுவதை மொழிபெயர்க்க வந்த சிற்றூழியர், நெஞ்சு வலி என்று சொல்லிவிட்டால் அவளுக்கு இதயப் பரிசோதனை நடக்கும். இப்படி நடந்ததையும் நாம் அறிவோம். மொழியுரிமை என்றால் பெயர்ப் பலகையும் படிவமும் என்று நினைப்பவர்கள் மனநோய்ச் சிகிச்சையை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே மொழிதான் பரிசோதனைக் கருவி, மொழிதான் பாதி மருந்து.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம். சிங்களம் நிருவாக மொழியாயுள்ள எப்பிரதேசத்திலும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழில் தொடர்பு கொள்ளவும் மறுமொழி பெறவும் உரித்துடையவர் என்பதை 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் வழி வந்த 22ஆம் உறுப்புரை கூறுகின்றது. பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் சில 1999இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. அப்பிரகடனம் இல்லாத இடத்திலும் 22ஆம் உறுப்புரை உண்டு. மொனராகலை ஆஸ்பத்திரியின் கிளினிக் நாளில் தமிழறிந்த ஓர் அலுவலரை அமர்த்துங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

இனி, வேலை. வலிப்பு வந்தவரை நிறுத்திவிடலாம் என்று தோட்ட நிருவாகங்கள் பல கருதுகின்றன. நம் கங்காணிமாரும், ஏன், கிளைத் தலைவர்களுட் சிலரும்கூட அப்படியே கருதுகின்றனர். இது சட்டம் அறியாமை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிலாளர் வேலை முடிவுறுத்தற் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் வேறெக் காரணத்திற்காகவும் ஒருவரை நிறுத்துவதாயின் இரண்டிலொன்று வேண்டும்: அத்தொழிலாளியின் முன்கூட்டிய எழுத்து மூலச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளரின் முன்கூட்டிய எழுத்து மூல அனுமதி. நோய் ஒழுக்கக் கேடாகாது. ஆகவேதான் அந்தக் கடிதத்தில் ஒப்பம் வாங்க நிருவாகம் அத்தனை அவசரப்படுகின்றது. விளங்காத கடிதத்தில் ஒப்பமிடாதீர்கள், பெருவிரலும் வையாதீர்கள் என்று ஒவ்வொரு லயத்திலும் சொல்ல வேண்டும்.

வேலையின்போது வலிப்பு வந்து வீழ்ந்து காயப்பட்டால் நட்டஈடு இல்லை, அது அவன் நோயால் வந்தது என்பது நிருவாகங்களின் இன்னொரு வாதம். இவ்வாதம் நூற்றாண்டுக்கு முன்னரே இங்கிலாந்தின் மேன்முறையீட்டு மன்றில் தோற்றுப் போயிற்று. 1905ஆம் ஆண்டின் விக்ஸ் எதிர் டவல் வழக்கில், கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குகையில் திறந்த அறையின் விளிம்பருகே நிற்க வேண்டியிருந்த ஒரு தொழிலாளி வலிப்பு வந்து உள்ளே வீழ்ந்தார். வலிப்பு அவருடையதாயினும், அவரை அவ்விளிம்பில் நிறுத்தியது வேலையே. ஆதலின் விபத்து வேலையிலிருந்து எழுந்ததே என்று மன்று தீர்த்தது. எமது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் அதே அடிப்படையில் எழுந்தது. மலைச்சரிவில் நிறுத்தப்பட்ட பால்வெட்டுத் தொழிலாளிக்கும் தொழிற்சாலை உருளையருகே நிறுத்தப்பட்டவருக்கும் அத்தீர்ப்பின் நியாயம் பொருந்தாதா என்ன? அன்றியும், வலிப்புள்ளவரை உருளையருகே நிறுத்தாமல் தவறணையிலோ களையெடுப்பிலோ வேலை கொடுப்பதற்கு எந்தத் துரைக்கும் கை வலிக்கப் போவதில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைச் சட்டம், வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிலையத்தில் அனுமதிப்பதிலும் பாகுபாடு ஆகாதென்கின்றது. வலிப்பு அச்சட்டத்தின் வரைவிலக்கணத்துள் அடங்குமா என்பதில் வாதத்திற்கு இடமுண்டு. அடங்கும் என்று வாதிட நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.

வேலையைப் பற்றி இத்துணை விரித்தோமே, மனச்சோர்வைப் பற்றியல்லவா தொடங்கினீர்கள் என்பார்க்கு ஒரு சொல். மூளையால் வரும் சோர்வையும் மருந்தால் வரும் சோர்வையும் வைத்தியர் பார்த்துக்கொள்ளுவர். பெயர் வெட்டப்பட்டதால் வரும் சோர்வுக்கு மாத்திரை இல்லை.

மணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கின்றது. இந்தியாவில் 1976ஆம் ஆண்டின் திருத்தம் ஒன்று, அடிக்கடி வலிப்பு வருபவரை இந்து விவாகச் சட்டத்தின் கீழ் மணத்திற்குத் தகுதியற்றோர் வரிசையில், பித்தரோடு சேர்த்து வைத்தது. வைத்தியரும் நோயாளரும் பெரிதும் முயன்ற பின்னர் 1999இல் அச்சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வலிப்பைக் காட்டி மணத்தை இரத்துச் செய்யும் விதி 1971 வரை இருந்தது. இலங்கையின் பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமோ மணமுறிவிற்கு மூன்றே காரணங்களைச் சொல்லுகின்றது: பிறன்மனை நயத்தல், தீய நோக்குடன் கைவிட்டுப் போதல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மை அல்லது பெண்மைக் குறை. வலிப்பு அதில் இல்லை. சட்டத்தில் இல்லாத தடையை லயத்தில் நாமே இயற்றி வைத்திருக்கின்றோம். பெண்ணுக்கு வலிப்பென்றால் மறைத்து மணம் முடிக்கின்றார்கள். மறைப்பதற்காக மாத்திரையை நிறுத்துகின்றார்கள். புகுந்த வீட்டில் வலிப்பு வருகின்றது. ஏமாற்றினாய் என்று அனுப்பிவிடுகின்றார்கள். பின்னர் அவள் பிறந்த வீட்டின் பின் காம்பராவில் ஒடுங்குகின்றாள். வலிப்புள்ள பெண்களுட் பெரும்பாலோர் நலமான பிள்ளைகளைப் பெறுகின்றனர். வல்புரோவேற்று போன்ற சில மருந்துகள் மட்டும் கருவுக்குத் தீங்கானவை; ஆதலின் மணத்திற்கு முன்னரே வைத்தியரைக் காண வேண்டும். மறைப்பவள் எப்படிக் காண்பாள்?

நம் பழங்கதையொன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. தமிழில் இந்நோய்க்கு முயலகன் என்றும் ஒரு பெயர் உண்டு. நடராசர் திருவடியின் கீழ்க் கிடப்பவனும் முயலகனே. கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகளைப் பற்றிய முயலகனைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறும். பதிகம் பாடினால் வலிப்புத் தீரும் என்று சொல்ல நாம் வரவில்லை. எம் கருத்தில் நிற்பது அந்தத் தந்தை. நாடாளும் மன்னன், மணப்பருவத்து மகள். அவளை அந்தப்புரத்தில் பூட்டி வைக்கவில்லை. மருந்துகள் பலவும் செய்து பார்த்துவிட்டு, ஊரறியக் கோயிலுக்குக் கொண்டு வந்து கிடத்தினான். கோடாங்கியை வைத்துப் பின்னிரவில் உடுக்கடித்து, விடிந்ததும் ஒன்றும் நடவாதது போல் இருக்கும் நம் வழக்கத்திற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! சாமி கும்பிடுவோரை நாம் தடுக்கவில்லை. திருநீறு நெற்றியில் இருக்கட்டும். மாத்திரை வாய்க்குள் போகட்டும். ஆனால் நம்பிக்கையின் பேரால் மனிதரைக் கட்டி வைக்கும் கொடுமைக்கு எங்கே முடிவு என்பதை, 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரத்து ஏர்வாடியில் சங்கிலியிற் பிணித்திருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டபோது தமிழுலகம் கண்டது.

தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றி எழுதாமல் இக்கட்டுரையை முடிப்பது கோழைத்தனம். டென்மார்க்கில் நடந்து 2007இல் வெளிவந்த பேராய்வு, வலிப்புள்ளோரிடையே தற்கொலை ஏனையோரினும் மூன்று மடங்கு எனக் கண்டது. எமது நாட்டில் 1995ஆம் ஆண்டையொட்டித் தற்கொலை வீதம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டபின் அது பெரிதும் வீழ்ந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம் மாறாத விதியன்று, இடையே ஒரு தடை நின்றால் மனிதன் மீளுகின்றான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையிடலாம் என்ற 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 302ஆம் பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் பொலிசுக்குப் போய்விடும் என்றஞ்சி, பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் மறைக்கும் குடும்பங்கள் தோட்டப் புறத்தில் இன்றும் உண்டு. அச்சட்டம் இன்று இல்லை என்பதை வாசகர்கள் வாயாற் சொல்லிப் பரப்ப வேண்டும். இவ்வெண்ணம் வந்தவரிடம் அதைப் பற்றி நேரே கேட்பதால் எண்ணம் வளராது. கேட்பதே அவர்க்கு ஆறுதல். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்தைத் தொலைபேசியில் அழைக்கலாம்.

மேற்சொன்ன தொழிலாளியின் செய்தியையும் சொல்லிவிடுவோம். தமிழறிந்த ஒருவர் உடனிருக்க, மனநல வைத்திய அதிகாரி அவரை அரை மணி நேரம் பார்த்தார். வலிப்பு மருந்து சிறுகச் சிறுக மாற்றப்பட்டது. சோர்வுக்கும் மருந்து தொடங்கிற்று. சில மாதங்களில் உறக்கம் வந்தது, உணவு இறங்கிற்று. இன்னும் அவர் கூட்டங்களுக்கு வருவதில்லை. முழுதும் தேறினார் என்று நாம் எழுதினால் அது பொய். பிள்ளையைத் தூக்குகின்றார் என்று மனைவி சொன்னார்.

அரை மணி நேரத்திற்கும் அரசு இயலாதென்றால், வலிப்பு நோயாளரின் சோர்வை அறிவதற்கென்றே ஆறு வினாக்கள் கொண்ட ஒரு படிவம் 2006இலிருந்து உலகில் வழங்கி வருகின்றது. மூன்று நிமிடம் போதும். கிளினிக்கிற்கு வெளியே வரிசையில் காத்திருக்கும் மூன்று மணி நேரத்தில் ஒரு தாதியோ பயிற்றப்பட்ட தோட்டத்து இளைஞரோ தமிழில் அதைக் கேட்டு நிரப்பிவிட முடியாதா? வலிப்பு, மனச்சோர்வு இரண்டையும் கிராம வைத்தியரே கவனிக்குமாறு பயிற்றும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வகுத்தது. 2022 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, 2031 வரையில் நடைமுறைக்குரிய வலிப்பு, நரம்பு நோய்ச் செயற்றிட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஜெனீவாவில் கையுயர்த்திய நாட்டுக்கு ஊவாவில் கை ஏன் எழவில்லை என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. மருந்து விடயத்தில் இந்த நாடு உலகுக்கே வழிகாட்டியது. பிபிலை என்ற ஊவா ஊர்ப்பெயரைத் தம் பெயரிற் கொண்டிருந்த பேராசிரியர் சேனக்க பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராய் அமர்ந்து, ஏழைக்கு மலிவு விலையில் அத்தியாவசிய மருந்து என்ற கொள்கையை நிலைநாட்டினார். அவர் பெயருக்குரிய ஊர் அமைந்த மாவட்டத்திலேயே ஒரு மாதம் மாத்திரை உண்டு, மறு மாதம் இல்லை என்ற நிலை மீண்டும் வரக்கூடாது. இது தமிழனுக்கு மட்டும் உரிய கோரிக்கையுமன்று. புத்தளையிலும் சியம்பலாண்டுவையிலும் சேனை செய்யும் சிங்கள விவசாயியும் அதே வரிசையில்தான் நிற்கின்றான்.

தொழிற்சங்கக் கிளைகளுக்கு எமது வேண்டுகோள் இது. அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் கூலி, காணி என்பவற்றை அடுத்து, தோட்டத்தில் வலிப்புள்ளோர் எத்தனை பேர், அவர்களுள் பெயர் வெட்டப்பட்டோர் எத்தனை பேர், கிளினிக் நாளுக்குச் சம்பளத்துடன் விடுப்புக் கிடைத்தோர் எத்தனை பேர் என்று எழுதி எடுங்கள். அவரவர் சம்மதமின்றிப் பெயரைப் பகிரங்கப்படுத்த வேண்டா, எண்ணிக்கை போதும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும், வாயில் கரண்டியோ இரும்போ திணிக்கலாகாது, ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிக் கொடுங்கள். கணக்கு எமக்கு வந்து சேர்ந்ததும் மாகாண சுகாதார அதிகாரிகளையும் தொழில் ஆணையாளரையும் காண நேரம் கேட்போம். வெறுங்கையோடு போய் நிற்க நாம் விரும்பவில்லை.